தாமாகக் கேட்டால் மட்டும்

கல்கத்தாவின் கிடர்பூர் கடலோடிகள் இல்லத்தின் இப்போதைய இயக்குநர் போன வாரம் போன் செய்தார். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஒரு கையேடு தயாராகிறதாம். ‘மருத்துவமனையில் நம் சபையைச் சேராத மாலுமியைச் சந்திக்கும் முறை’ என்று நான் இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். "முப்பத்தோரு வருஷ அனுபவம்னா சும்மாவா?" என்று ஐஸ் வேறு வைத்தார். முறையைத்தானே கேட்கிறார்? முறை மூன்று வரி. அதற்கு இரண்டு பக்கம் எதற்கு? அந்த மூன்று வரியை நான் எப்படித் தப்பாகப் படித்தேன் என்று எழுதினால்தான் பக்கம் நிரம்பும். அதையே எழுதுகிறேன். கையேட்டில் போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

நான் ஃபெலிக்ஸ். தூத்துக்குடிக்காரன். ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் கிளார்க் வேலைக்கென்று கல்கத்தா வந்தவன், இரண்டே வருஷத்தில் இல்லத்துக்கு மாறிக்கொண்டேன். பதவிக்குப் பெயர் ‘ஷிப் விசிட்டர்’. காலையில் எந்தக் கப்பல் எங்கே கட்டியிருக்கிறது என்ற பட்டியலை வாங்கிக்கொண்டு டாக் கேட்டில் பாஸைக் காட்டி உள்ளே போகவேண்டும். கப்பல் ஏணிக்குக் கீழே நிற்கவேண்டும். மேலே காவல் நிற்பவன் கையசைத்தால் ஏறவேண்டும். சிம் கார்டு, கம்பளிக் குல்லா, அவரவர் பாஷையில் நாலு பத்திரிகை, பேச்சுத் துணை, இவ்வளவுதான் நாங்கள் கொடுப்பது. யாராவது உடம்புக்கு முடியாமல் கரையில் இறக்கப்பட்டால் கப்பல் அவனுக்காகக் காத்திருக்காது. ஆற்றில் அடுத்த நீரேற்றம் வந்ததும் லாக் கேட் என்கிற மதகுக் கதவைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் இந்தப் பெரிய ஊரில் அவனுக்கு எங்களை விட்டால் நாதியில்லை.

என்னைப் பழக்கியவர் ஃபாதர் அமலதாஸ். திருச்சிப் பக்கம். ஒல்லியான மனிதர், குரல் உயரவே உயராது. மருத்துவமனையில் அவர் நடந்துகொள்ளும் முறையை நான் இன்றைக்கும் படம் வரைந்து காட்டுவேன். படுக்கையைச் சுற்றித் திரை போட்டிருந்தால் அதை விலக்கமாட்டார். திரையில் எங்கே தட்டுவது? அதனால் கட்டிலின் இரும்புக் காலை விரல் நகத்தால் மூன்று தரம் தட்டுவார். உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் வந்தபிறகுதான் தலையை நீட்டுவார். "எப்படியிருக்கீங்க?" என்று கேட்கமாட்டார். "நான் கொஞ்சநேரம் இருக்கலாமா?" என்பார். வேண்டாம் என்றால் "சந்தோஷம், நாளைக்குப் பார்க்கலாம்" என்று போய்விடுவார், முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. கட்டிலில் உட்காரவே மாட்டார். அது நோயாளியின் வீடு என்பார்.

நான் அப்படிப்பட்டவன் இல்லை. கை துறுதுறு என்று இருக்கும். சேர்ந்த முதல் வருஷம், குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்திருந்த ஒரு பல்கேரிய மாலுமியின் தலையணைக்கு அடியில் நல்ல மரணத்துக்கான ஜெபம் அச்சிட்ட அட்டையைச் செருகிவிட்டு வந்தேன். நல்லெண்ணம்தான்! காலையில் அவன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டர்கள் மறைக்கிறார்கள், தான் சாகப்போகிறோம் என்று ஊருக்கெல்லாம் போன் போட்டு அழுதிருக்கிறான். ஃபாதர் என்னைத் திட்டவில்லை. கையோடு கூட்டிப்போய் அவன் முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். திரும்பும்போது, "ஃபெலிக்ஸ், சர்வேசுரனே ஒருத்தன் மனசுக்குள்ள அவன் சம்மதமில்லாம நுழையறதில்லை. நீ யாரு நுழைய?" என்றார். செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. அன்றைக்கு வாங்கினதை நான் மறக்கவேயில்லை. கொஞ்சம் மறந்திருக்கலாம்.

விதிக்கு வருகிறேன். எங்கள் கத்தோலிக்கச் சபையின் சட்டப்படி, ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவருக்கும் எங்கள் குருவானவர் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்கலாம், நன்மை என்கிற திவ்விய அப்பம் கொடுக்கலாம், நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்கலாம். அவர் தாமாகக் கேட்கவேண்டும். தகுந்த மனதோடு இருக்கவேண்டும். இதுதான் மூன்று வரி. ‘தாமாக’ என்ற சொல்லின் கீழே நான் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன்.

அந்தச் சொல்லைப் பற்றி தினமும் என்னிடம் சண்டை போட்டவர் வர்கீஸ், எங்கள் வேன் டிரைவர். கோட்டயத்துக்காரர், மலங்கரை ஆர்த்தடாக்ஸ். கிரேக்கர், ரஷ்யர், ஜார்ஜியர் சபைகளோடு இவருடைய சபைக்கு ஒரே பந்தியில் நன்மை வாங்கும் உறவு கிடையாது. ஆனால் அருளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் ஒரே பக்கம் போய் நின்றுகொள்வார்கள். டாக்கில் கப்பல் நுழையும்போது பாலத்தைத் திறந்துவிடுவார்கள். இருபுறமும் லாரியும் கைவண்டியும் பஸ்ஸும் மணிக்கணக்கில் நிற்கும். எங்களுக்கு அதுதான் வேதபாட வகுப்பு.

நான் ஞானோபதேச வகுப்பில் உருப்போட்டதைச் சொல்வேன். தேவ இஷ்டப்பிரசாதம், அதாவது கடவுளின் அருள்தான் முந்திக்கொள்ளும். மனிதன் ‘சரி’ என்று சொல்வதற்குள் அப்படிச் சொல்லும் பலத்தையே அவர் கொடுத்துவிடுகிறார். ஆனாலும் ‘மாட்டேன்’ என்று சொல்லும் சுதந்திரம் நம்மிடம் இருக்கிறது.

வர்கீஸ் ஸ்டீயரிங்கைத் தட்டுவார். "முதல்ல யாரு, ரெண்டாவது யாருன்னு டோக்கன் கொடுக்கறதுக்கு இது ரேஷன் கடையா சாரே? தெய்வத்தின்டெ கையும் மனுஷன்டெ கையும் சேர்ந்தாதான் ஜோலி நடக்கும். எந்தக் கை முதல்ல தொட்டதுன்னு எங்க சர்ச் அச்சன்மார் சோதிக்கில்லா."

"அதெப்படிவே? மனுஷன் கைதான் முதல்ல நீளும்னா சாமி எதுக்கு?"

"ஞான் அப்படிச் சொன்னேனா? சேர்ந்துன்னு சொன்னேன்."

ஒருநாள் நான் விடவில்லை. "எங்க கரையில வள்ளம் இறக்குறதப் பாத்திருக்கீரா? அலை வந்து தூக்காம நாப்பது பேரு தள்ளுனாலும் அசையாது. அலை தூக்குற நேரத்துல ஆளு தள்ளாட்டியும் அது கரையிலயேதான் கெடக்கும். ஆனா அலைதான் முதல்ல, ஒத்துக்கிடும்."

"செரி. அந்த அலை வர்றதுக்கு முன்னாடியே தோள் கொடுத்துக் காத்து நின்னது யாரு?"

 பாலம் மூடி, பின்னாலிருந்து லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டதால் தப்பித்தேன். இப்போது வர்கீஸ் கோட்டயத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். காது மந்தமாகிவிட்டது, போனில் கத்தினாலும் புரியவில்லை. ஃபாதர் அமலதாஸ் இறந்து மூன்று வருஷம். ஓய்வு பெற்றபின் சம்பளத்துக்கோ பதவிக்கோ நான் ஏங்கவில்லை. அந்த வேனில், அந்த வெக்கையில், இன்னும் ஒரே ஒரு தரம் அவர்கள் இரண்டு பேரோடும் பாலம் மூடக் காத்திருக்கவேண்டும் என்று இருக்கிறது. பாழும் மனசு, கிடைக்காததைத்தான் கேட்கும்.

தவித் விஷயத்துக்கு வருகிறேன். தவித் ஜார்ஜிய நாட்டுக்காரர், ஒரு சரக்குக் கப்பலில் செகண்ட் எஞ்சினியர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணையம் வீங்கிப்போய் ஒரு திங்கட்கிழமை கரையில் இறக்கினார்கள். மறுநாள் கப்பல் போய்விட்டது. கதவை அடைக்கிற ஆகிருதி. முகம் முழுக்கக் கத்தியே படாத அடர்ந்த தாடி. ஆங்கிலம் எஞ்சின் அறைக்குப் போதுமான அளவுக்கு வரும். நான் தினமும் காலை பத்து மணிக்குப் போவேன். ஃபாதர் மாலை நாலு மணிக்கு அதே வார்டுக்கு வருவார். தவித்துக்கு அடுத்த கட்டிலில் ஒரு ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் இருந்தார், அவருக்கு நன்மை கொடுக்க.

முதல் நாள் என் சட்டைப்பையில் இருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு தவித் கேட்டார்: "கத்தோலிக்?"

"ஆமாம்."

"நான் ஆர்த்தடாக்ஸ். உங்க சர்ச், என் சர்ச் இல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தார். "இருபது வருஷம் என் சர்ச்சுக்கும் நான் போகலை."

உங்கள் சபைக் குருவானவரை வரவழைக்கட்டுமா என்று கேட்டேன். அது எங்கள் வழக்கம், முதலில் அவரவர் சபையைத்தான் தேடுவோம். தலையாட்டினார். விசாரித்தால், ஊரில் அந்தச் சபைக்கென்று இருந்த ஒரே குருவானவர் கண் ஆபரேஷனுக்காக வெளியூர் போயிருக்கிறார், திரும்ப இரண்டு வாரம் ஆகும். செவ்வாய்க்கிழமை அதைச் சொன்னேன். தவித் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "ஒரு விஷயம் இருக்கு. ஒரு பிரீஸ்ட்கிட்ட சொல்லணும். உங்ககிட்ட இல்லை" என்றார்.

 ‘எங்கள் ஃபாதர் கேட்பார், கூப்பிடட்டுமா?’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உடனே என் மனசுக்குள் பல்கேரியாக்காரன் அட்டையோடு எழுந்து உட்கார்ந்துவிட்டான். தாமாக! சிவப்புக் கோடு இரண்டு! நான் வாயை மூடிக்கொண்டு, "எப்போ சொல்லணும்னு தோணுதோ அப்போ சொல்லுங்க" என்றேன். என்ன மகா பெருந்தன்மை!

புதன்கிழமை போனால் தாடியைக் காணோம். முகம் வழவழவென்று, தாடையில் சின்ன வெட்டுக்காயம். ஆக்ஸிஜன் மாஸ்க் பொருந்துவதற்காக நர்ஸ்கள் எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முந்தின நாளே தன் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துத் தரச் சொல்லியிருந்தார், தந்திருந்தேன். காய்ச்சல்காரனுக்குச் சட்டை எதற்கு என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஏதாவது வேண்டுமா என்றேன். என்னையே பார்த்தார். "இல்லை. தேங்க் யூ." வியாழனும் அப்படியே.

அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி ரெஜினாவிடம் புலம்பினேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அந்த மனுசன் தவிச்சிக்கிட்டுக் கெடக்காரு. நீங்க என்னன்னா அவரு வாயிலேருந்து வரணும்னு காவலு காக்கிறிய. ‘எங்க சாமி வரட்டுமா’ன்னு கேட்டா ஒங்க வாயிலேருந்து முத்து உதுந்துருமாக்கும்?"

"ஒனக்குச் சட்டம் தெரியாது."

"சட்டம் தெரிஞ்சவியதான் நல்லவனைச் சிலுவையில ஏத்துனாவ" என்றாள் அவள், செதிலைச் சுரண்டிக்கொண்டே. நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு வார்டிலிருந்து போன். தவித்துக்கு நினைவு தப்பிவிட்டது. ஃபாதருக்குச் சொன்னேன். வர்கீஸ் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு வண்டியை விரட்டினார்.

திரை பாதி விலகியிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டபடியே படுத்திருந்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஃபாதரின் பையில் எண்ணெய்ச் சிமிழ் இருந்தது. அவர் கட்டில் காலருகே நின்று என்னைப் பார்த்தார்.

"ஃபெலிக்ஸ், அவர் கேட்டாரா?"

என்ன சொல்வது? பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை.

"இல்லை ஃபாதர்."

"ஜாடையா? ஏதாவது?"

"ஒரு விஷயம் பிரீஸ்ட்கிட்ட சொல்லணும்னார். நம்ம ஃபாதர்கிட்டன்னு சொல்லலை."

 ஃபாதரின் கை பைக்குள் சிமிழைப் பிடித்திருந்தது, வெளியே வரவில்லை. அவர் மனதில் என்ன ஓடியதோ தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டிலில் மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனதுதான்.

அப்போது வார்டு ஆயா மாலதி மாஷி ஈரத்துணியோடு உள்ளே வந்தாள். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "ஆப்னாரா கேமோன் லோக் கோ?" என்றாள், என்ன மனிதர்கள் ஐயா நீங்கள் என்று. அப்புறம் வங்காளத்தில் பொரிந்து தள்ளினாள். தினமும் மூன்று மணிக்கு இந்த சாஹேப் தாடையைத் தடவிக் காட்டிச் சவரம் செய்யச் சொல்வார். கை நடுங்கி அவரால் முடியாது, இவள்தான் செய்துவிட்டாள். சட்டையைப் போட்டுவிடச் சொல்வார். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைக்கச் சொல்வார். திரையை விலக்கச் சொல்வார். ‘ஃபாதர் டுடே?’ என்பார். ‘ஹேன், ஃபாதர் ஆஷ்பே, வருவார்’ என்று இவள் சொல்வாள். ஃபாதர் வருவார். அடுத்த கட்டிலுக்குப் போவார். திரும்பிப் போய்விடுவார். சாஹேப் அப்புறம் சட்டையைக் கழற்றிவிடச் சொல்வார். செவ்வாய், புதன், வியாழன். "நேற்று சட்டையைக் கழற்ற விடவில்லை. நாளைக்கு வருவார் என்றார்."

நான் தரையைப் பார்த்தேன். என் ஆயுளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

ஃபாதர் கட்டில் காலைத் தட்டவில்லை, எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார், தவித்தின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டார். பாவமன்னிப்பு சொன்னார். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். முடிந்தபின்னும் எழுந்திருக்கவில்லை. அன்று நாலு மணிக்கு முன்பே தவித் போய்விட்டார். பிரீஸ்ட்டிடம் சொல்ல வைத்திருந்ததை அவரோடேயே கொண்டுபோய்விட்டார்.

திரும்பும்போது வேனில் ஃபாதர்தான் முதலில் பேசினார். "மூணு நாளும் அவர் என்னைப் பார்த்து அவங்க முறைப்படி சிலுவை போட்டார், ஃபெலிக்ஸ். வலது தோள் முதல்ல. நானும் தலையைத் தாழ்த்தி வணக்கம் சொல்லிட்டுத் தாண்டிப் போனேன். நீ வந்து ‘கேட்டார்’னு சொல்வேன்னு இருந்தேன்." என் பக்கம் திரும்பினார். "கேட்க வைக்கக் கூடாதுன்னுதான் உனக்குச் சொன்னேன். கதவு திறந்திருக்குன்னு சொல்லவும் கூடாதுன்னு எப்பவாவது சொன்னேனா?"

"இல்லை ஃபாதர்."

"எனக்கே அது தெரியலையே" என்றார். அழுகிறார் என்று அப்புறம்தான் புரிந்தது.

ஃபாதரை இல்லத்தில் இறக்கிவிட்டபிறகு, மாஷி சொன்னதையெல்லாம் என்னிடம் கேட்டு முடித்த வர்கீஸ் வண்டியை அணைத்தார். "சாரே, நாம வருஷக்கணக்கா சண்டை போட்டோமே. கிருபைதான் முதல்லன்னு சொன்ன நீங்க, மனுஷன் வாய் திறக்கட்டும்னு காத்திருந்தீங்க. ரெண்டு கையும் வேணும்னு சொல்ற எங்க ஆளு தவித், தானம் தானா வரட்டும்னு கையை மடியில வச்சுட்டு உட்கார்ந்திருந்தாரு. கத்தோலிக்க அச்சன்கிட்ட அவரு கேட்டா தன் சபை விதியை மீறினதாகும். அச்சன் தானா வந்தா அது தெய்வம் அனுப்பினதாகும். ரெண்டு பேருக்கும் மரியாதை. மரியாதையாலேயே மூணு நாள் போச்சு."

"வாயை மூடும்வே" என்றேன்.

"மூடறேன். ஆனா அந்த மாஷியை யாரு கேட்டாங்க? யாரும் கேக்கலை. வந்தாங்களே."

பத்து நாள் கழித்து, உடலை ஊருக்கு அனுப்பும் காகித வேலைகள் முடிந்தபிறகு, தவித்தின் மகள் நினோ வீடியோ காலில் பேசினாள். தலையில் கறுப்புத் துணி கட்டியிருந்தாள். ஆங்கிலம் நன்றாகப் பேசினாள். கடைசி நாட்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஃபாதர் எண்ணெய் பூசியதைச் சொன்னேன். உடனே கேட்டாள்:

"என் அப்பா கேட்டாரா? இல்லை, நினைவில்லாத ஆளுக்கு நீங்களாகவே செய்தீர்களா?"

நான் தயங்கினேன்.

"உண்மையைச் சொல்லுங்கள். இருபது வருஷமாக எனக்கும் அவருக்கும் இதுதான் சண்டை. அவராகத் திரும்பவேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். யாரோ தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைப்பதை நான் கேட்கவில்லை."

என்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியிருந்தது. நல்லவிதமாக இரண்டு வார்த்தை சொல்லி முடித்திருக்கலாம். சொல்லவில்லை. "கேட்டாரம்மா. மூன்று நாள் கேட்டார். வாயால் கேட்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அது என் தப்பு. மன்னித்துக்கொள்" என்று தொடங்கி, மாலதி மாஷி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். மூன்று மணி, தலையணை, வெள்ளைச் சட்டை, சவரம்.

"என்ன சொன்னீர்கள்?"

"தினமும் சவரம் செய்துகொண்டார், ஃபாதர் வருவார் என்று."

நினோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"என் கல்யாணத்தன்று தேவாலய வாசலில் நின்று கெஞ்சினேன், அந்தத் தாடியை எடுத்துவிட்டு உள்ளே வாருங்கள் என்று. தாடியோடு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனார்."